1,200 அடியில் உப்புத் தண்ணீர் வந்தால் கீழே உப்புப் பாறை இருக்கிறதா?

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது, ஜூன் 8, மாலை 7.20
தோட்டத்தில் 1,200 அடி போர் போட்டோம்ங்க. தண்ணி வந்துச்சு, ஆனா வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. ரிக் வண்டிக்காரர் "கீழே உப்புப் பாறை ஓடுதுங்க, அது வருசா வருசம் மேல ஏறிட்டே வருது"ன்னு சொல்றார். வெளிநாட்டுல உப்பு பூமியைத் துளைச்சுக்கிட்டு மலையா நிக்கிற வீடியோவும் பார்த்தேன். நம்ம ஊர்லயும் அப்படி வருமுங்களா அண்ணா?

ஜூன் 8, இரவு 10.15
வராது. காங்கேயத்துக்குக் கீழே உப்புப் படுகை இல்லை, 1,200 அடியிலும் இல்லை, அதற்கு எவ்வளவு கீழே போனாலும் இல்லை. தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் எத்தனை மில்லிகிராம் என்று அளந்து எழுதுங்கள். அந்த எண் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

ஜூன் 9, காலை 6.30
2,400 என்று எழுதியிருக்கிறார். குடிக்கச் சிரமமான தண்ணீர்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. உப்புப் பாறையைத் தொட்டுக்கொண்டு வருசக்கணக்கில் நிற்கிற தண்ணீர், இனி ஒரு கல் உப்புகூடக் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்துக்கொள்ளும். அப்போது எண் மூன்று லட்சத்தைத் தாண்டும். 2,400 எங்கே, மூன்று லட்சம் எங்கே.

உங்கள் தண்ணீர் உப்பாவதற்குக் காரணம் வேறு. மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும் நீர் கல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்புகளை எடுத்துக்கொள்கிறது. அதையே இறைத்து வயலுக்கு விட்டால் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மண்ணிலேயே நின்று மறுபடி கீழே இறங்கும். நொய்யல் கரையோரம் என்றால் இதோடு சாயக்கழிவு உப்பும் சேர்ந்துகொள்ளும். என் அமுச்சி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது அப்படித்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. அது தனி விவாதம், இங்கே இழுக்க மாட்டேன்.

ஜூன் 9, காலை 7.05
ஒன்று விட்டுப்போனது. உப்புப் படுகை இருக்க வேண்டும் என்றால் முதலில் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த பள்ளம் வேண்டும். நம் ஊர்க் கல் அப்படிப் படிந்த கல் அல்ல. வரி வரியாக ஓடும் நைஸ், கறுப்பாக மின்னும் சார்னோகைட், எல்லாம் பூமியின் ஆழத்தில் வெந்து எழுந்தவை. பெரும்பாலானவற்றுக்கு வயது 250 கோடி ஆண்டுக்குப் பக்கம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கும் வெள்ளைக் கல்லை அரைத்துத்தான் சந்திரயான் 2க்காக நிலா மண் மாதிரி செய்தார்கள், நிலாக் கல்லோடு அவ்வளவு ஒத்துப்போகிற கல். படிந்த பாறையைப் பார்க்க வேண்டும் என்றால் கரூர், திருச்சி தாண்டி அரியலூர் போக வேண்டும். அங்கேயும் காரைப் பக்கம் களிமண்ணில் ஜிப்சம் நார் நாராகக் கிடைக்குமே தவிர, கனத்த உப்புப் படுகை இல்லை.

ஜூன் 11, இரவு 9.40
"அப்ப அந்த வீடியோ பொய்யா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பொய் இல்லை. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருச்செங்கோட்டில் மாமாவின் ரிக் வண்டியில் லீவு நாளெல்லாம் கிடந்தவன், ஜியாலஜி படித்து, ஓமனில் ஆறு வருசம் எண்ணெய்க் கிணறுகளில் மட் லாக்கராக, அதாவது துளையிலிருந்து வரும் சேற்றையும் கல் துகளையும் பார்த்துக் குறிப்பெடுக்கிறவனாக, வேலை செய்தேன். அங்கே பாலைவனத்தில் உப்புத் தரையை முட்டிக்கொண்டு நிற்கிற இடங்கள் உண்டு. கீழே கிடப்பது 54 கோடி ஆண்டுக்கு முந்தைய உப்பு. ஈரானில் இன்னும் பிரமாதம், மலையிலிருந்து பிதுங்கிய உப்பு பனியாறு மாதிரி சரிவில் இறங்கி நிற்கும். மழை பெய்தால் சில நாள் வேகமாக நகரும், வெயிலில் இறுகி நிற்கும்.

ஏன் ஏறுகிறது என்றால், உப்பு லேசு. தண்ணீரைப் போல 2.16 மடங்கு எடை. எத்தனை ஆழம் போனாலும் கிட்டத்தட்ட அதே எடைதான், அழுத்தினால் சுருங்காது. மேலே படியும் சேறோ ஆழம் போகப் போக இறுகி 2.4, 2.5 என்று கனக்கும். கனமானது மேலே, லேசானது கீழே. தண்ணீருக்கு அடியில் எண்ணெய் கிடந்தால் என்ன ஆகும்? அதேதான்.

ஜூன் 12, காலை 5.50
நேற்று எழுதியதை அப்படியே நம்பாதீர்கள். படுத்த பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. எண்கள் சரி, முடிவு தவறு. சனிக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 15, மதியம் 3.10
சரி. நான் கல்லூரியில் படித்ததும் அந்த எண்ணெய்க் கதைதான். ரொம்ப காலம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், 1930களிலிருந்து அந்தக் கணக்கு ஓடியது. இடறுகிற இடம் எது என்றால், புதிதாகப் படிந்த சேறு உப்பை விட லேசு. உப்பின் எடையைத் தாண்டிக் கனக்க அது ஒன்றிரண்டு கிலோமீட்டராவது புதைய வேண்டும். ஆனால் உலகத்தில் எத்தனையோ உப்புக் கூம்புகள், மேலே சில நூறு மீட்டர் சேறு இருந்தபோதே எழ ஆரம்பித்துவிட்டன. அதாவது மேலே இருந்தது லேசாக இருந்தபோதே. அப்படியானால் உப்பு லேசு என்பது தொடக்கத்துக்குக் காரணமாக இருக்க முடியாது.

இன்னொன்று, மேலே இருப்பது எண்ணெயோ தண்ணீரோ அல்ல, பாறை. பாறைக்குப் பலம் உண்டு. சீராகப் பரப்பிய பாறை மூடியைக் கீழிருந்து உப்பு தானாகத் துளைக்க முடியாது. 1980களின் கடைசியிலும் 90களிலும்தான் இந்தப் பார்வை உறுதியானது. உப்பு தேன் மாதிரி ஓடக்கூடியது, ஆனால் ஓட வேண்டுமா, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை மேலே உள்ள பாரம்தான் முடிவு செய்கிறது. பாரம் ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு. அதுதான் முதல் காரணம்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததல்ல, கவுந்தப்பாடியில் புரிந்தது. மழைக்காலத்தில் வெல்ல மூட்டை அடுக்கிய குடோனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் மாதிரி இருந்த வெல்லம் ஈரம் பட்டு இளகும். மேலே ஒரே சீராக அடுக்கியிருந்தால் அடி மூட்டை சும்மா கிடக்கும். ஒரு பக்கம் பத்து வரிசை, பக்கத்தில் ஆறு வரிசை என்று வைத்துப் பாருங்கள், பத்து வரிசையின் அடி மூட்டை பாரம் குறைந்த பக்கமாகப் பிதுங்கி நிற்கும். அந்த வெல்லத்துக்கு மேலே போக ஆசை ஒன்றும் இல்லை, அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போகிறது. அன்றைக்கு அப்புச்சி திட்டியது மூட்டை அடுக்கிய ஆளை, வெல்லத்தை அல்ல. நியாயமான திட்டு.

ஜூன் 15, மதியம் 3.45
ஒரு சேர்க்கை. உப்புக் கல் இளகுவதற்கும் ஈரம் உதவுகிறது. படிகங்களுக்கு இடையில் இருக்கிற துளி நீர், அழுந்தும் இடத்தில் உப்பைக் கரைத்து அழுந்தாத இடத்தில் படிய வைக்கும். சூடு கூடினால் இன்னும் வேகம். கையில் வைத்தால் சுத்தியலில் உடைகிற அதே கல்தான்.

ஜூன் 17, இரவு 11.00
உப்பு நகர்ந்த பிறகு வண்டல் படிந்த பள்ளத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதைக் கேட்க ஆளில்லை, நானே எழுதுகிறேன்.

ஆறு ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமாக வண்டலைக் கொட்டுகிறது என்று வையுங்கள். அந்த இடம் கனக்கும். அடியில் உள்ள உப்பு பக்கவாட்டில் ஒதுங்கும். ஒதுங்கினால் அந்த இடம் தாழும். தாழ்ந்த இடத்துக்குத்தான் அடுத்த வண்டலும் வரும். கனம் இன்னும் கூடும், உப்பு இன்னும் ஒதுங்கும். இப்படி உப்புக்குள்ளேயே கிண்ணம் கிண்ணமாகக் குட்டிப் பள்ளங்கள் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மெக்சிகோ வளைகுடாவின் அடித்தளப் படத்தைப் பார்த்தால் பணியாரக் கல் மாதிரி இருக்கும். குழியெல்லாம் வண்டல், இடையில் நிற்கும் வரப்பெல்லாம் உப்பு.

இங்கேதான் அந்த வீடியோ நம்மை ஏமாற்றுகிறது. அதில் உப்பு ஈட்டி மாதிரி மேலே குத்திக்கொண்டு வரும். பல இடங்களில் நடந்தது வேறு: உப்பின் தலை ஆரம்பத்திலிருந்தே கடல் தரையை ஒட்டியே நின்றது, சுற்றியிருந்த நிலம் வண்டல் பாரத்தில் இறங்கிக்கொண்டே போனது. கோடி வருசம் கழித்து வெட்டிப் பார்த்தால் ஐந்து கிலோமீட்டர் உயரத் தூண் நிற்கும். எதையும் துளைத்த தூண் இல்லை அது. மூடிக்கொள்ளும் மண்ணுக்கு ஈடாகத் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.

ஜூன் 18, காலை 8.20
"எத்தனை நாளைக்கு இறங்கும்?" என்று ஒருவர். நல்ல கேள்வி. அடியில் உப்பு தீரும் வரை. தீர்ந்தால் மேல் பாறை கீழ்ப் பாறையின் மேல் போய் உட்கார்ந்துவிடும், இடையில் இருந்த உப்புக்கு அடையாளமாக ஒரு மெல்லிய தழும்பு மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தின் நடுப்பகுதி இறங்க இடமில்லை, ஓரங்களில் மிச்சமிருக்கும் உப்பு வெளியேற ஓரங்கள் மட்டும் தாழும். ஒரு காலத்தில் பள்ளமாக இருந்த நடுப்பகுதி இப்போது ஆமை முதுகு மாதிரி மேடாகிவிடும். எண்ணெய் தேடுகிறவர்கள் இந்த ஆமையை விரும்புவார்கள். பள்ளமாக இருந்த காலத்தில் நல்ல மணல் சேர்ந்திருக்கும், மேடான பிறகு எண்ணெய் அங்கே வந்து தங்கும்.

இதைத்தான் முதல் வருசம் ஓமனில், நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எடுத்த படத்தில் எனக்கு ஒரு மூத்த அண்ணன் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பள்ளம் மேடானது என்ற ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஜூன் 21, இரவு 8.30
"இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்துச்சுங்க?" கடலிலிருந்து. ஆனால் ஒரு கடல் ஒரு முறை வற்றினால் போதாது. 1,000 மீட்டர் ஆழக் கடலை முழுக்கக் காயவிட்டால் தரையில் 15 மீட்டர் சொச்சம்தான் உப்பு. இரண்டு கிலோமீட்டர் உப்பு வேண்டும் என்றால் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும், காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பாத்தியில் விட்டு, காய்ந்து கெட்டியாக ஆக அடுத்த பாத்தி. கடல் நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம், பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது உப்பு. இயற்கையில் பாத்தி ஒரு நாடு அகலம், வாய்க்கால் ஒரு குறுகிய நீரிணை.

மத்தியதரைக் கடலே இப்படி ஒரு முறை உப்பளமாகிக் கிடந்தது. 59 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டு முன்பு தொடங்கி 53 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு முன்பு முடிந்தது. ஆறு லட்சம் வருசத்தில் கிலோமீட்டர் கணக்கில் உப்பு. பூமியின் கணக்கில் அது ஒரு மதியப் பொழுது.

ஜூன் 22, காலை 6.45
இந்துப்பு பற்றிக் கேட்டிருக்கிறார் ஒரு அக்கா. நாட்டு மருந்துக் கடையில் ரோஸ் நிறத்தில் கிடைக்கிறதே, அது இமயமலை உச்சியில் எடுப்பதல்ல. பாகிஸ்தானில் உப்பு மலைத்தொடர் என்றே பெயர் உள்ள இடத்தில், பெரும்பாலும் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி வந்தது (2025ல் அங்கிருந்து இறக்குமதி நின்றுவிட்டது). அதுவும் 50 கோடி ஆண்டுக்கு மேல் பழைய கடல். அங்கே உப்பு செய்த வேலை தூண் எழுப்பியதல்ல, வழுக்கிவிட்டது. இந்தியா வடக்கே முட்டுகிறபோது மேலே இருந்த பாறைத் தட்டு முழுக்க அந்த உப்பின் மேல் சறுக்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் தெற்கே வந்துவிட்டது. உப்பு வழுக்கும் வரை மலை குவிவதில்லை, விரிகிறது. சறுக்கிய தட்டின் முன் நுனியில் உப்பு வெளியே தெரிகிறது, அதைத்தான் நாம் ரசத்தில் போட்டுவந்தோம்.

நம் நாட்டுக்குள்ளும் இமாச்சலத்தில் மண்டி மாவட்டத்தில் குமா, திராங் என்ற இடங்களில் பாறை உப்பு உண்டு. ராஜஸ்தானில் நாகூர், பிகானேர் பக்கம் மண்ணுக்கடியில் பெரும் படுகை இருக்கிறது.

ஜூன் 26, இரவு 10.30
வேலைக் கதை கேட்டார்கள். ஒன்று சொல்கிறேன், நிறுவனம் எது என்று கேட்காதீர்கள்.

துளையிடும்போது உள்ளே ஓடவிடும் சேறு சாதாரணத் தண்ணீரில் கலந்ததாக இருந்தால், உப்புக்குள் போகும்போது ஷேக்கரில் (சேற்றைச் சலிக்கும் சல்லடையில்) உப்புத் துகளே வராது என்று எனக்கு அப்போது தெரியாது. மேலே வருகிற வழியிலேயே சேற்றில் கரைந்துவிடும். நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டு "இன்னும் களிமண்தான்" என்று குறித்துக்கொண்டிருந்தேன், சேற்றில் குளோரைடு, அதாவது உப்பின் அளவைக் காட்டும் எண், விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்த்திருக்க வேண்டும், துகளைப் பார்த்தேன். உப்பு வருகிறது என்று தெரிந்தால், இனி உப்பு கரையாத அளவுக்குச் சேற்றிலேயே உப்பு கலந்துகொண்டு இறங்குவார்கள், அல்லது எண்ணெய் கலந்த சேறு. இல்லாவிட்டால் துளை குகையாகிவிடும்.

அதே கிணற்றில் மறுநாள் ராத்திரி பைப் சிக்கியது. ஆழத்தில் இருக்கிற உப்பு சும்மா இருக்காது, துளை போட்டதும் நாலாபக்கமும் மெல்ல உள்ளே வந்து பிடித்துக்கொள்ளும். எல்லோரும் இழுக்கிறார்கள், அடிக்கிறார்கள், அசையவில்லை. கடைசியில் வெறும் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கீழே அனுப்பிக் காத்திருந்தோம். பிடித்த உப்பு கரைந்து பைப் விட்டுக்கொடுத்தது. இவ்வளவு இரும்பும் டீசலும் செய்யாததைக் குடிதண்ணீர் செய்தது. அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

ஜூன் 27, காலை 7.15
தண்ணீர் உப்புக்கு எதிரி என்பதால் நினைவுக்கு வந்தது, அமெரிக்காவின் லூசியானாவில் பெனியர் ஏரி. 1980 நவம்பர் 20. ஏரிக்கு நடுவில் எண்ணெய்க்காகத் துளைபோட்ட கருவி கீழே இருந்த உப்புச் சுரங்கத்தில் இறங்கிவிட்டது. ஏரித் தண்ணீர் உள்ளே பாய, துளை கரைந்து பெரிதாகி, ஏரி முழுக்கச் சுழன்று உள்ளே போனது. துளைபோட்ட கருவி, பதினொரு படகு, கரையில் இருந்த மரங்கள், எல்லாம். கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த கால்வாய் திசை மாறி ஏரிக்குள் பாய்ந்தது. சுரங்கத்தில் இருந்த 55 பேரும் உயிரோடு மேலே வந்துவிட்டார்கள். எனக்கு அந்த வரி எப்போது படித்தாலும் ஆறுதல்.

ஜூலை 3, இரவு 9.00
எண்ணெய்க்கும் உப்புக்கும் என்ன உறவு என்பவர்களுக்குச் சுருக்கமாக. உப்பு எண்ணெயைக் கசிய விடாது, நல்ல மூடி. டெக்சாஸில் 1901 ஜனவரி 10 அன்று ஸ்பின்டில்டாப்பில் பீய்ச்சி அடித்த எண்ணெய் ஒரு உப்புக் கூம்பின் தலையிலிருந்து வந்தது, ஆழம் ஆயிரம் சொச்சம் அடி, நம்ம தம்பியின் போர் ஆழம்தான். பிரேசிலில் 2006ல் கண்டுபிடித்த டுப்பி வயலில் நிலைமை தலைகீழ்: எண்ணெய் உப்புக்கு அடியில். மேலே இரண்டு கிலோமீட்டர் தண்ணீர், அதன் கீழே பாறை, அதன் கீழே சுமார் இரண்டு கிலோமீட்டர் உப்பு. உப்பில் ஒலி வேகமாக ஓடுவதால் அதற்குக் கீழே உள்ளது படத்தில் கலங்கித் தெரியும், அதனால்தான் அத்தனை காலம் பிடித்தது. அதே உப்பின் மறுபாதி ஆப்பிரிக்காவில் அங்கோலாக் கரையில் கிடக்கிறது. அட்லாண்டிக் பிறக்கும்போது பிரிந்த பங்காளிகள். அங்கோலாவில் மேல்பாறை அந்த உப்பின் மேல் கடலை நோக்கிச் சறுக்கி, துண்டு துண்டாகப் பிய்ந்து, பரிசல் மாதிரி விலகி நிற்கிறது.

ஜூலை 14, மாலை 6.10
பாரம்தான் முடிவு செய்கிறது என்று நான் எழுதியதை ஒருவர் நம்பவில்லை. "லேசானது தானா மேல வரும்ணா" என்கிறார். மொட்டை மாடியில் செய்து பார்க்கிறேன். பழைய மீன் தொட்டி, அடியில் வெல்லப் பாகு, மேலே ஆற்று மணல்.

ஜூலை 15
பாகு மணலுக்குள் ஊறி மேலே வந்துவிட்டது. எறும்புக்கு விருந்து. பாகு சரிப்படாது.

ஜூலை 20, இரவு 8.00
தார் பிடித்தேன். ரோடு போட்டு மிச்சம் கிடந்த டிரம்மிலிருந்து கேட்டு வாங்கியது. தொட்டிக் கண்ணாடியில் விளக்கெண்ணெய் தடவி, மூன்று விரல் கனம் தார், அதன் மேல் சீராக மணல். மணல் அடுக்குகளுக்கு இடையில் என் மகள் அம்மிணி கோலப்பொடி தூவினாள், ஒரு அடுக்கு சிவப்பு, ஒரு அடுக்கு மஞ்சள். தொட்டியின் ஒரு பக்கச் சுவருக்குப் பதில் உள்ளே பலகை, பின்னால் செங்கல்.

நல்ல வெயில். நான்கு நாளாக மாடியில் இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. தார் மணலை விட நன்றாக லேசு, இருந்தும் கோடு ஒன்றுகூட வளையவில்லை.

ஜூலை 26, காலை 7.30
ஒரு பாதியில் மட்டும் நான்கு விரல் மணல் கூடுதலாகக் கொட்டினேன். ஐந்தாவது நாள் அந்தப் பாதி தாழ்ந்துவிட்டது, மறுபாதி மணல் ஒரு விரல் எழும்பி நிற்கிறது. தாழ்ந்த இடத்தை மறுபடி மணலால் நிரப்பினேன். மறுபடி தாழ்கிறது.

ஆகஸ்ட் 3, இரவு 9.15
ஆடிக் காற்றில் மேல் மணல் கொஞ்சம் பறந்துவிட்டது, சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். இப்போது பலகையைத் தினமும் அரை விரல் பின்னால் நகர்த்துகிறேன். மேல் மணல் இழுபட்டு விரிசல் விட்டிருக்கிறது. முதலில் மணல் பிளந்தது, பிறகுதான் அந்த இடத்தில் தார் ஏற ஆரம்பித்தது. வரிசை முக்கியம்: துளைத்து வரவில்லை, திறந்த இடத்தில் ஏறியது. நம்பாதவர் இதைக் கவனிக்கவும்.

ஆகஸ்ட் 11, மதியம் 1.20
மணலை நனைத்து, கரணையால் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். விரிசலுக்கு அடியில் தார் முக்கோணமாகக் கூராக நிற்கிறது. அதன் பக்கத்தில் கோலக் கோடுகள் மேல்நோக்கி வளைந்து மெலிந்திருக்கின்றன. பாரம் போட்ட பக்கத்தில் கோடுகள் கிண்ணமாகத் தொங்குகின்றன. கிண்ணத்தின் நடுவில் ஒரு இடத்தில் தார் சுத்தமாக வெளியேறி, அடிச் சிவப்புக் கோடு தொட்டியின் தரையையே தொட்டுக் கிடக்கிறது. இடையில் ஒரு மெல்லிய கறுப்புக் கறை மட்டும். அம்மிணிதான் முதலில் பார்த்தாள். "அப்பா, நீங்க எழுதின தழும்பு இதுதானே?" என்றாள்.